பின் கண்ணாடியில் பிறருக்குள்ள ஹக்கு



ஊவா மலைப் பக்கத்தில் சொந்த வேன் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்று நிறைய இருக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ், அது நிஃமத்துதான். முன்பெல்லாம் தெமோதரையிலிருந்து பதுளைக்கோ பண்டாரவளைக்கோ ஒரு கலியாணத்துக்குப் போவதென்றால், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு மழையில் நிற்க வேண்டும். இப்போது வாசலிலேயே ஏறி வாசலிலேயே இறங்குகிறோம். அந்த வேன்களில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடி, ரீகண்டிஷன் என்ற பெயரில் நம் நாட்டுக்கு வந்தவை. அவற்றுக்குப் பொதுவான ஓர் அடையாளம் உண்டு. முன்பக்கக் கண்ணாடி தெளிவாக இருக்கும். பின் கதவுகளும், எல்லாவற்றுக்கும் பின்னாலுள்ள பெரிய கண்ணாடியும் கறுத்துப் போயிருக்கும். அந்தக் கறுப்பு போதாதென்று அதன்மேல் இன்னுமொரு கறுப்பு ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்வோரும் நம்மில் இருக்கிறார்கள்.

பெண்களுக்கான மார்க்க வகுப்புகளில் திரைக்கு அப்பாலிருந்து துண்டுக் கடதாசியில் கேள்விகள் வரும். தொழுகை, நோன்பு, ஸகாத் என்று வரும் கேள்விகளுக்கு நடுவே ஒரு நாள் வேறு விதமான கேள்வியொன்று வந்தது. “மௌலவி, பர்தாவுக்காக வேனின் எல்லாக் கண்ணாடிக்கும் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். இரவில் பின்னுக்கு எடுக்க ஒன்றும் தெரிவதில்லை என்று மகன் சொல்கிறார். கழற்றினால் குற்றமாகுமா?” என்று அந்தத் தாய் எழுதியிருந்தார். வகுப்பில் சுருக்கமாகப் பதில் சொன்னேன். ஆனால் இதே கேள்வி பல வீடுகளில் கேட்கப்படாமலே கிடக்கிறது என்பது பிறகுதான் தெரியவந்தது. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கண்ணாடியின் கணக்கைப் பார்ப்போம்.

கண் எப்படிப் பார்க்கிறது என்பதை உலகுக்குத் தெளிவாக்கியவர்களில் முதன்மையானவர் நம் முன்னோரில் ஒருவரே. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040 அளவில் மறைந்த இப்னுல் ஹைஸம் அவர்கள்தாம் அவர். கண்ணிலிருந்து ஏதோ கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிட், தாலமி போன்ற பழைய கிரேக்க அறிஞர்கள் நம்பியிருந்தார்கள். இப்னுல் ஹைஸமோ ‘கிதாபுல் மனாழிர்’ என்ற தம் நூலில், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்வை உண்டாகிறது என்று சோதனைகள் மூலம் நிறுவினார்கள். அந்த நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் படிக்கப்பட்டது.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒளி வந்தால் பார்வை உண்டு. ஒளி தடைப்பட்டால், கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பார்வை இல்லை.

தெளிவான வாகனக் கண்ணாடிகூட வரும் ஒளி முழுவதையும் உள்ளே விடுவதில்லை. நூற்றுக்கு எண்பதுக்குக் கிட்ட விடும் என்று வைத்துக்கொள்ளலாம். ஜப்பானிய வேன்களில் வரும் கறுத்த கண்ணாடியோ பெரும்பாலும் நூற்றுக்கு 15 முதல் 30 வரைதான் விடும். இது ஒட்டிய கறுப்பு அல்ல. கண்ணாடியைச் செய்யும்போதே அதன் உடம்பில் சேர்த்த நிறம். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டும்போது ஒரு கறுப்போடு இன்னொரு கறுப்பு சேர்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கே நடப்பது பெருக்கல். கண்ணாடி 25 பங்கை விடுகிறது, ஸ்டிக்கர் அதில் 35 சதவீதத்தை விடுகிறது என்றால், கடைசியில் உள்ளே வருவது நூற்றுக்கு 9 பங்குக்கும் குறைவு. ரூபாய்க் கணக்கில் சொன்னால், நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்க அனுப்பிய பிள்ளை ஒன்பது ரூபாய்ச் சாமானோடு வந்து நிற்பது போல.

பகலில் இதனால் பெரிய குறை தெரியாது. உச்சி வெயிலின் வெளிச்சம் லக்ஸ் என்ற அளவையில் ஒரு லட்சத்தை நெருங்கும். அதில் நூற்றுக்கு ஒன்பது பங்கு வந்தாலும் தாராளம். அதனால்தான் ஸ்டிக்கர் ஒட்டிய கடையில், பகல் நேரத்தில், “பாருங்க, உள்ளேயிருந்து எல்லாம் தெரியுது” என்று காட்டும்போது நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். முழு நிலாவின் வெளிச்சமோ ஒரு லக்ஸில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதில் நூற்றுக்கு ஒன்பது பங்கு என்றால் மிஞ்சுவது என்ன?

இதற்குமேல் கண்ணின் நிலையும் இருக்கிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் வேண்டும். எதிரே வரும் ஒரு பஸ்ஸின் விளக்கு முகத்தில் அடித்தால் அந்தப் பழக்கம் குலைந்துவிடும். வயது ஏற ஏறக் கண்மணியும் சுருங்கும், கண்ணின் வில்லையும் மங்கும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயது இளைஞருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஸ்டிக்கர் ஒட்டும் வயதில் மகன் இருக்கலாம்; அதே வேனை இரவில் ஓட்டுபவர் வாப்பாவாக இருக்கலாம்.

“பின்னுக்கு எடுக்கும்போது வெள்ளை விளக்கு எரியுமே” என்று கேட்பீர்கள். எரியும். ஆனால் முன்விளக்கின் பழைய பல்பு 55 வாட் என்றால், ரிவர்ஸ் விளக்கின் பல்பு பெரும்பாலும் 16 அல்லது 21 வாட்தான். அந்தச் சிறிய வெளிச்சம் பின்னால் நிற்பவர்மேல் பட்டுத் திரும்பி, அதே கறுப்புக் கண்ணாடியைக் கடந்துதான் சாரதியின் கண்ணுக்கு வரவேண்டும்.

சமதரையில் வாழ்வோருக்கு இது சிறு தொல்லையாகத் தோன்றலாம். நம் மலைநாட்டில் அப்படியல்ல. ஹாலி-எலயிலிருந்து தெமோதரை வழியாகப் பண்டாரவளைக்கு ஏறும் பெரிய வீதியை விட்டு ஏதாவது ஒரு தோட்டப் பாதைக்குள் திரும்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மலை வெட்டும் கானும். மறுபக்கம் தேயிலைச் சரிவு. இரண்டு வாகனங்கள் எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று பின்னுக்குப் போயே ஆகவேண்டும். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி இடம் கொடுப்பது மலைநாட்டு வழக்கம். அந்தப் பாதைகளில் தெருவிளக்கு கிடையாது. பனிமூட்டமும் தூறலும் சேர்ந்துகொண்டால் பத்தடி தூரம்கூட மங்கிவிடும். அதே பாதையில்தான் வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பும் தாய்மார் நடக்கிறார்கள். டியூஷன் முடிந்த பிள்ளைகள் நடக்கிறார்கள். மஃரிபுக்குப் பின் குர்ஆன் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பும் நம் பிள்ளைகளும் நடக்கிறார்கள்.

நம் ஊரின் பெருமை தெமோதரை ரயில் வளையம். பதுளை ரயில் தெமோதரை நிலையத்தைக் கடந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, தான் நின்ற நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள்ளேயே நுழைந்து போகும். வெளியூர் விருந்தாளிகள் அதைப் பார்த்து வியப்பார்கள். அவர்கள் கவனிக்காத இன்னொன்று உண்டு. அந்த ரயிலுக்கு முன்னால் சாரதி இருப்பதுபோல, பின்னால் கார்ட் ஒருவர் இருக்கிறார். பகலில் பச்சைக் கொடி, இரவில் பச்சை விளக்கு. அவர் காட்டாமல் ரயில் நிலையத்தை விட்டு நகராது. தண்டவாளத்தை விட்டு விலக முடியாத ரயிலுக்கே பின்னால் ஒரு கண் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய வேனின் பின் கண்ணை நாமே மூடலாமா?

சில வருடங்களுக்கு முந்திய ரமழான் இரவொன்றில் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். தராவீஹ் முடிந்து சனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். பள்ளிவாசலை ஒட்டிய குறுகிய ஒழுங்கையில், ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கான். அங்கே நிறுத்தியிருந்த வேனை உறவுக்கார இளைஞர் ஒருவர் பின்னுக்கு எடுத்தார். நிதானமான பிள்ளை, வேகமாக ஓட்டுபவரல்ல. அதே நேரம் பெண்கள் தொழும் பக்கத்திலிருந்து ஓர் உம்மம்மா, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி அந்த ஒழுங்கைக்குள் வந்துகொண்டிருந்தார். அவர் கறுப்பு அபாயா அணிந்திருந்தார். பிள்ளை கருநீல ஜுப்பா போட்டிருந்தது. வேன் தங்களை நோக்கி வருவதைக் கண்டு அவர் மதிலோடு ஒட்டினார்; பிள்ளை கையை உதறிவிட்டு மறுபக்கம் பாய்ந்தது. பள்ளிவாசல் படியில் நின்ற பெரியவர் ஒருவர் கைத்தடியால் வேனின் உடம்பில் ஓங்கி அடித்துக் கத்தினார். வேன் நின்றது. பிள்ளைக்கும் வேனுக்கும் நடுவே இருந்த தூரத்தை என் கைச் சாணால் அளந்துவிடலாம். அல்லாஹ் காப்பாற்றினான்.

இறங்கி வந்த இளைஞரின் முகத்தில் இரத்தமே இல்லை. “நான் பாத்துட்டுத்தான் மௌலவி எடுத்தன். ரெண்டு தரம் பாத்தன். ஒருத்தரும் தெரியல்ல” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்கள் அவரை ஏசத் தொடங்கியபோது அந்த உம்மம்மாவே, “பிள்ளைய ஏசாதீங்க, அவருக்குத் தெரிஞ்சா எடுப்பாரா?” என்று தடுத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அந்த இளைஞரும் நானுமாக ஒரு சோதனை செய்து பார்த்தோம். ஒருவர் வேனுக்குப் பின்னால் பதினைந்து அடி தள்ளி நிற்பது, மற்றவர் சாரதி ஆசனத்தில் இருந்து பார்ப்பது. கறுப்புக் கண்ணாடி வழியாக, ரிவர்ஸ் விளக்கு எரியும்போதும், நிற்பவரின் சட்டை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றால் அதுவும் தெரியவில்லை. பிறகு பின் கதவை மேலே தூக்கிவிட்டுப் பார்த்தோம். அதே இருட்டு, அதே விளக்கு, அதே கண். கறுப்புப் போர்வையோடு நின்ற ஆளின் உருவம் தெரிந்தது. பார்ப்பது வேறு, தெரிவது வேறு என்பது அன்றைக்கு எங்கள் இருவருக்கும் விளங்கியது. அடுத்த வாரமே அந்த ஸ்டிக்கர் கழன்றது.

பின்னுக்கு எடுக்கும்போது நடக்கும் விபத்தில் கொடுமை என்னவென்றால், அடிபடுவது சொந்த வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம். 2002ஆம் ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில், ஒரு தகப்பன் இரவு நேரத்தில் தம் வீட்டு முற்றத்தில் வாகனத்தைப் பின்னுக்கு எடுத்தார். பின்னால் ஓடிவந்த அவருடைய இரண்டு வயது மகன் கெமரன் கல்பிரான்சன் அதில் அகப்பட்டு உயிரிழந்தான். அந்தத் தகப்பன் குழந்தை வைத்தியர். பிறர் பிள்ளைகளைக் காப்பாற்றுவதையே தொழிலாகக் கொண்டவர். அவரைப் போன்ற பெற்றோர்கள் பல வருடங்கள் போராடியதன் பயனாக அந்தச் சிறுவனின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. 2008இல் ஜனாதிபதி கையொப்பமிட்டார். அதன்படி 2018 மே மாதம் முதல் அந்நாட்டில் விற்கப்படும் புதிய கார், வேன் எல்லாவற்றிலும் பின்பக்கக் கெமரா கட்டாயமாயிற்று. பின்னுக்கு எடுக்கும் விபத்துகளால் அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் இறந்தார்கள் என்றும், அவர்களில் நூற்றுக்கு 31 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், 26 பேர் எழுபது வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் என்றும் அந்நாட்டு அரசு அப்போது கணக்கிட்டிருந்தது. குழந்தையும் முதியவரும், ஓடி விலகத் தெரியாதவர்களும் ஓடி விலக முடியாதவர்களும்.

கெமரனின் மரணத்துக்குக் கறுப்புக் கண்ணாடி காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணாடி தெளிவாக இருந்தாலும், வாகனத்தின் பின்னால் ஒட்டினாற்போல் நிற்கும் சிறு பிள்ளை தெரியாத இடம் ஒன்று எல்லா வாகனத்திலும் உண்டு. அந்தக் குருட்டு இடமே இவ்வளவு உயிர்களைக் கொள்ளும் என்றால், அதோடு நாம் விலை கொடுத்து வாங்கி ஒட்டும் இருட்டும் சேர்ந்தால் என்னாகும் என்பதைத்தான் கேட்கிறேன்.

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

அறபுக் கல்லூரியில் நாங்கள் ஃபிக்ஹு ஓதிய காலத்தில், மிருகங்களால் ஏற்படும் சேதத்தைப் பற்றிய பாடம் ஒன்று வரும். நம்முடைய ஷாஃபிஈ மத்ஹபில் தீர்ப்பு கண்டிப்பானது. ஒட்டகத்தின் மேலோ குதிரையின் மேலோ ஏறிப் போகிறவரும், அதை ஓட்டிப் போகிறவரும், இழுத்துப் போகிறவரும், அது ஏற்படுத்தும் உயிர்ச் சேதத்துக்கும் பொருட் சேதத்துக்கும் பொறுப்பாளி. இரவானாலும் சரி, பகலானாலும் சரி. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ நூலில் இதைத் தெளிவாக வைத்திருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபின் இமாம்களோ ஒரு விலக்குச் சொன்னார்கள். முன்காலால் மிதித்தால் ஏறியிருப்பவர் பொறுப்பு. போய்க்கொண்டிருக்கும்போது பின்காலால் உதைத்தால் பொறுப்பில்லை. காரணம், முன்னால் நடப்பதை அவர் கவனித்துத் தடுக்கலாம். பின்னால் நடப்பதைத் தடுப்பது அவரால் இயலாத காரியம்.

ஓதிய காலத்தில் பரீட்சைக்காக மனனம் செய்த பாடம் அது. இன்று வேனின் பின் கண்ணாடியைப் பார்க்கும்போது அதன் ஆழம் விளங்குகிறது. விலக்கு அளித்த இமாம்கள்கூட அதை இயலாமை என்ற ஒன்றுக்காகத்தான் அளித்தார்கள். அல்லாஹ் மிருகத்தின் பின்புறம் கண் வைக்கவில்லை. ஆனால் வாகனத்தைச் செய்தவர்கள் அதன் பின்னால் கண்ணாடி வைத்தார்கள், உள்ளே பார்ப்பதற்கு ஒரு கண்ணாடியும் வைத்தார்கள். அந்தக் கண்ணைத் தன் கையாலேயே கட்டிவிட்டு, “எனக்குத் தெரியவில்லை” என்று சொன்னால் அது இயலாமை ஆகுமா?

1993ஆம் ஆண்டு ஜூன் மாதம் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகடமி வாகன விபத்துகளைப் பற்றி ஒரு தீர்மானம் எடுத்தது. ஷரீஅத்துக்கு முரணில்லாத போக்குவரத்துச் சட்டங்களுக்குக் கட்டுப்படுவது மார்க்க ரீதியாகவே கடமை என்றும், வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் தீங்குக்குச் சாரதியே பொறுப்பாளி என்றும் உலமாக்கள் முடிவு செய்தார்கள். தடுக்கவே முடியாத சக்தியால் நேர்ந்தாலோ, அடிபட்டவரின் அல்லது மூன்றாம் ஆளின் தவறால் நேர்ந்தாலோ மட்டுமே விலக்கு உண்டு.

தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால் அதோடு விஷயம் முடிவதில்லை. ஸூரத்துன் நிஸாவின் 92ஆம் வசனம் அதற்கான பரிகாரத்தைக் கூறுகிறது. இறந்தவரின் குடும்பத்துக்குரிய தியத்து ஒருபுறம். ஓர் அடிமையை விடுதலை செய்வது மறுபுறம். அடிமை இல்லாத நம் காலத்தில் எஞ்சியிருப்பது இரண்டு மாதம் விடாமல் தொடர்ந்து நோற்கும் நோன்பு. வேண்டுமென்று செய்யாத கொலைக்கே இந்தப் பரிகாரம்! பின்னால் நிற்கும் உயிரின் விலையை அல்லாஹ் எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, பர்தா என்ற கேள்விக்கு வருகிறேன். அந்தத் தாயின் எண்ணம் நல்ல எண்ணம். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பர்தா எங்கே இருக்க வேண்டும் என்பதை ஸூரத்துன் நூர் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 30ஆம் வசனம் முதலில் ஆண்களைப் பார்வையைத் தாழ்த்தச் சொல்கிறது. 31ஆம் வசனம் பெண்களைப் பார்வையைத் தாழ்த்தவும் ஆடையால் மறைத்துக்கொள்ளவும் சொல்கிறது. ஒன்று பார்ப்பவர் கண்ணில். மற்றது நம் உடலில். வீதியில் நடந்து போகும்போது போதுமான பர்தா, வேனுக்குள் ஏறி உட்கார்ந்ததும் போதாமல் போய்விடுமா? அபாயாவும் முந்தானையும் ஒழுங்காக அணிந்த பெண்ணுக்குக் கண்ணாடி கறுப்பாக இருப்பது மேலதிக வசதிதான், வாஜிபு அல்ல. பிறர் உயிருக்குத் தீங்கு வராமல் காப்பதோ வாஜிபு. மேலதிக வசதிக்காக வாஜிபை விடக்கூடாது என்பது மத்ரஸாவின் முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

வீதியில் உட்காருவோர் வீதிக்குரிய ஹக்கைக் கொடுத்துவிட வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்குச் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அந்த ஹக்கு எது என்று கேட்டபோது அவர்கள் எண்ணிக் காட்டியவற்றில் முதலாவது பார்வையைத் தாழ்த்துவது. அடுத்தது பிறருக்குத் தொல்லை கொடுக்காமல் இருப்பது. சகோதரிகளே, இந்த இரண்டும் ஒரே ஹதீஸில் அடுத்தடுத்து நிற்கின்றன. பர்தாவைக் காட்டிப் பாதுகாப்பை விடவும் முடியாது. பாதுகாப்பைக் காட்டிப் பர்தாவை விடவும் முடியாது. இரண்டையும் பேண வழி இருக்கிறது.

கறுப்புக் கண்ணாடி பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று நினைப்பதும் முழு உண்மையல்ல. 2012 ஏப்ரல் 27ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் வாகனக் கண்ணாடிகளில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதை நாடு முழுவதும் தடை செய்தது. வழக்குத் தொடுத்தவர் முன்வைத்த முக்கிய காரணம், கறுப்புக் கண்ணாடிக்குள் மறைந்து நடக்கும் குற்றங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியாது என்றால், உள்ளே ஒரு பெண் உதவி கேட்டுக் கையசைத்தாலும் வெளியே தெரியாது. அந்நாட்டின் 1989ஆம் ஆண்டு விதியில் கவனிக்கத்தக்க நுணுக்கம் ஒன்று இருக்கிறது. பக்கக் கண்ணாடிகள் நூற்றுக்கு 50 பங்கு ஒளியை விட்டால் போதும். முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் 70 பங்கு விடவேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவு! ஜப்பானில் முன் கண்ணாடிக்கும் முன் கதவுக் கண்ணாடிகளுக்கும்தான் அந்த 70 பங்கு விதி, பின்பக்கத்துக்கு வரம்பில்லை. அதனால்தான் அங்கிருந்து வரும் வேன்கள் பின்னால் கறுத்து வருகின்றன. விளக்குகள் நிறைந்த நகரத் தெருவுக்கென்று செய்த கண்ணாடியை நாம் இருட்டு மலைப் பாதையில் ஓட்டுகிறோம்.

“பின்னால் வரும் வாகனத்தின் விளக்கு கண்ணில் அடிக்காமல் இருக்கக் கறுப்பு நல்லதே” என்று சாரதிகள் சொல்வார்கள். அதற்கென்றே உள்ளேயிருக்கும் கண்ணாடியின் அடியில் ஒரு சிறு பிடி இருக்கிறது. இரவில் அதைத் தள்ளினால் கூச்சம் குறைந்துவிடும். வெயிலுக்கென்றால், சூட்டைத் தடுப்பது கறுப்பு நிறம் மட்டுமல்ல. நிறமே இல்லாமல் சூட்டைக் குறைக்கும் ஸ்டிக்கர்களும் உண்டு. குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவு வேண்டுமென்றால் ஒரு சால்வை போதும். பக்கக் கண்ணாடிக்கு இழுத்து மூடும் சிறு திரையும் போடலாம். வேன் நிற்கும்போது மூடி, நகரும்போது திறந்துவிட வேண்டும். பின் கண்ணாடியை மட்டும் ஒன்றாலும் மூடக்கூடாது.

வீட்டில் தீர்மானம் எடுப்பவர்கள் நீங்கள்தாம். ஆகவே செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓர் இரவு வேனை இருட்டான, சமமான இடத்தில் நிறுத்தி, நாங்கள் செய்த சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். ஒருவர் கறுப்பு உடையோடு பின்னால் நிற்கட்டும், வண்டி நகரக்கூடாது. கண்ணாடி வழியாக ஒரு தரம், பின் கதவைத் திறந்து ஒரு தரம் பாருங்கள். வேற்றுமை தெரிந்தால், ஒட்டிய ஸ்டிக்கரைக் கழற்றிவிடுங்கள். பின் கண்ணாடியில் பனியை நீக்கும் மெல்லிய கம்பிக் கோடுகள் இருக்கும். பிளேட்டால் சுரண்டினால் அவை அறுந்துவிடும். நீராவி பிடித்து, மெதுவாக உரிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கண்ணாடியே கறுப்பாக வந்திருந்தால் அதை உரிக்க முடியாது. அப்படியானால் அதன்மேல் இனி எதையும் ஒட்டாதீர்கள். பின்பக்கக் கெமரா பூட்டுங்கள். மழை நாளில் அதன் முகத்தைத் துடைத்துவிட்டே ஏறுங்கள். சேறு பட்ட கெமரா குருடுதான். மாஷா அல்லாஹ் என்றும் ஆயத்துல் குர்ஸி என்றும் பெரிய எழுத்தில் பின் கண்ணாடி நிறைய ஒட்டுகிறோமே, அந்த ஆயத்தை வாயால் ஓதி ஏறினால் பரக்கத்து. கண்ணாடியை மறைத்து ஒட்டினால் பார்வைக்குத் தடை. தலையணையும் பொம்மையும் பயணப் பையும் பின்னால் அடுக்கி வைப்பதும் அப்படித்தான்.

இரவில் பின்னுக்கு எடுப்பதற்கு முன் பெரியவர் ஒருவர் இறங்கி நிற்கவேண்டும். வேனுக்கு நேர் பின்னால் அல்ல. சாரதியின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி ஓரமாக, கையில் டோர்ச்சோடு நிற்கவேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் சாரதி உடனே நிறுத்தவேண்டும். வீட்டு முற்றத்திலிருந்து வேன் புறப்படும்போது, பிள்ளைகளை எண்ணிப் பார்த்து, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெரியவரின் கையில் இருந்த பிறகுதான் எஞ்சின் ஓடவேண்டும்.

நடந்து போவோரும் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும். உடல் மறைய வேண்டும், நிறம் மென்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். கறுப்பு நிறத்தைத்தான் அணிய வேண்டும் என்று ஷரீஅத் கட்டாயப்படுத்தவில்லை. இரவில் தராவீஹுக்கோ கலியாண வீட்டுக்கோ நடந்து போகும்போது வெளிர் நிற முந்தானை போட்டுக்கொள்வதிலும், கைப்பேசியின் டோர்ச்சை எரியவிட்டுக்கொள்வதிலும் குறை ஒன்றுமில்லை. மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளையின் பையில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி ஒன்றைத் தைத்துக் கொடுங்கள்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாக நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். முள் ஒரு காலைக் குத்தும். கறுத்த கண்ணாடி ஒரு குடும்பத்தையே அழவைக்கும். வேன் நம்முடையதாக இருக்கலாம். அதன் பின் கண்ணாடியில், பின்னால் இருட்டில் நிற்கும் முகமறியாத ஒருவரின் ஹக்கும் இருக்கிறது. அவர் தேயிலை மலையிலிருந்து திரும்பும் ஒரு தாயாக இருக்கலாம். நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை ஸலாமத்தாக ஆக்குவானாக! நம்மால் எவருக்கும் தீங்கு நேராமலும், எவராலும் நமக்குத் தீங்கு நேராமலும் காப்பானாக! ஆமீன்.